நான்காம் கூண்டின் கடைசி எலி

கண்ணாடி உருளையில் தண்ணீரை நிரப்பிவிட்டுச் சன்னாசி மணிக்கட்டின் உள்பக்கத்தை அதில் நனைத்துப் பார்த்தார். சூடும் இல்லை, குளிரும் இல்லை, சரியாக இருந்தது. வெப்பமானி பக்கத்திலேயே தொங்கியது; அதைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை, இருபத்தாறு வருடத்தில் அவர் மணிக்கட்டு சொன்னதை அந்தக் கண்ணாடிக் குச்சி ஒருநாளும் மறுத்ததில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்த வேலை. இருபத்து மூன்று எலிகள் நீந்தி முடித்து, துவட்டப்பட்டு, விளக்குச் சூட்டில் உடம்பை நக்கிக்கொண்டிருந்தன. நான்காம் கூண்டில் ஒன்றே ஒன்று பாக்கி. மற்ற ஐந்துக்கும் தலையிலோ பிடரியிலோ முதுகிலோ இடுப்பிலோ வாலிலோ அவர் குச்சியில் பஞ்சு சுற்றி மஞ்சள் மருந்தால் இட்ட அடையாளம் இருந்தது. ஆறாவதுக்கு ஒன்றும் கிடையாது, ஒன்றும் இல்லாததே அதன் அடையாளம். கையைக் கூண்டுக்குள் விட்டதும் அது மூலைக்கு ஓடவில்லை. உமியை உதறிக்கொண்டு தானாக வந்து விரலில் ஏறியது. வைக்கலாமா அம்மிணி என்று கேட்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா நிறுத்துக் கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வைங்க அண்ணாச்சி என்றாள். தூத்துக்குடிப் பிள்ளை, பெரிய சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவள், இந்த மலையடிவாரத்துக் கல்லூரியில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். வாலைப் பிடித்து எலியைத் தண்ணீரில் இறக்கினார். அது ஒரு முறை முங்கி எழுந்து, கண்ணாடிச் சுவரை முன்னங்காலால் பிறாண்டி, சுற்றத் தொடங்கியது. தப்ப வழியில்லாத தண்ணீர். எந்த எலியும் கொஞ்ச நேரம் போராடும், பிறகு இனிப் பயனில்லை என்று தெரிந்து மூக்கை மட்டும் மேலே நீட்டிச் சும்மா மிதந்து கிடக்கும். அந்தக் கிடப்புக்குத்தான் கணக்கு. நெடுநேரம் கிடந்தால் மனசு விட்டுப்போன எலி. மருந்து பிடித்திருந்தால் கிடப்பு குறையும், நீச்சல் கூடும். மொத்தம் ஆறு நிமிடம், அதில் முதல் இரண்டு நிமிடம் சேர்த்தி இல்லை. தண்ணீரில் தள்ளிவிட்டு உன் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிற படிப்பு இது என்று சன்னாசி ஒருமுறை கேன்டீனில் சொல்ல, பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சேர்த்தி இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் ஜெசிந்தா கைக்கு வேலை இல்லை, அறையில் தண்ணீர்ச் சலசலப்பு மட்டும் கேட்டது. எலி சுற்றியது, சன்னாசியின் கண்ணும் அதோடு சுற்றியது. மிதந்து கிட, மிதந்து கிட என்று உள்ளுக்குள் சொன்னார். நீ ஒருத்தனாவது கிட. மற்ற பதினோரு பேரும் ஏமாற்றிவிட்டார்கள். பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்து, அது மனச்சோர்வைப் போக்குமா என்று பார்க்கிற சோதனை. முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதுக்கு ஏற்கெனவே கடையில் விற்கிற மருந்து. மூன்றாவதுக்குத் தேயிலைச் சத்து கொஞ்சம், நான்காவதுக்கு அதே சத்து இன்னும் கூட. பதினாலு நாள், தினம் ஒரு வேளை. முனையில் சிறு உருண்டை வைத்த வளைந்த ஊசியை எலியின் கடைவாய் வழியாக இறக்கி வயிற்றுக்குள் மருந்தை விட வேண்டும். ஜெசிந்தாவுக்கு அதில் கை நடுங்கும், அதனால் அவரிடம் விட்டிருந்தாள். தினம் காலை எட்டு மணிக்குப் பச்சை நாடா ஒட்டிய இரண்டு சின்னத் தேயிலைச் சத்துப் புட்டிகளை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய், அவர் சொல்லி அனுப்பிய எடைகளை நோட்டில் ஏற்றுவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் சன்னாசி இரண்டு புட்டியையும் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் புட்டியில் நிரப்புவார். அதுவும் நிறமில்லாதது, இதுவும் நிறமில்லாதது. முதல்நாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், வெந்த கீரையை இறுத்த தண்ணீர்போல ஒரு ருசி. அவ்வளவுதான். அந்த ருசிக்காக அந்தப் பெண் மூன்று வருடம் கோத்தகிரிக்கும் இங்கேயுமாக மூட்டையும் முடிச்சுமாய் அலைந்திருக்கிறாள். தேயிலை மனக்கவலையைத் தீர்க்கும் என்றால் என் அம்மாவின் கவலையை அல்லவா முதலில் தீர்த்திருக்க வேண்டும் என்று அவர் அன்று நினைத்தார். இலங்கையிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கி, மலையேறி, சாகிறவரை முதுகுக் கூடையோடு இலை கிள்ளினவள். இலைச்சாறு கறுத்துப் பிடித்த விரல் நகத்தைக் கடித்துக் கடித்தே செத்தாள். சிரித்து அவர் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவுக்காக அவர் மருந்தைக் கொட்டவில்லை, அந்தப் பெண்ணுக்கு எதிராகவும் கொட்டவில்லை. பெரிய சார், பேராசிரியர் குலசேகரன், வரும் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அடுத்த வாரம் ஐதராபாத்தில் நாடு முழுவதிலிருந்தும் வருகிற மருந்து வாத்தியார்கள் முன்னால் இதைப் படித்துக் காட்டி மாலை வாங்கிக்கொண்டு போக இருக்கிறார். அந்த மாலைதான். அந்த மாலை விழக்கூடாது. மூன்றாம் கூண்டும் நான்காம் கூண்டும் முதல் கூண்டைப்போலவே மிதந்து கிடக்க வேண்டும், காகிதத்தில் ஒன்றும் இல்லை என்று வர வேண்டும், அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம். வெள்ளை எலியின் ஆயுசு இரண்டு வருடம் என்றால் ஆறு தலைமுறை. சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. எலிக்கூடத்தின் குளிர்சாதனம் நின்றது. அறை பூட்டியிருந்தது, சாவி பெரிய சாரிடம் இருந்தது. தன்னுடைய சோதனை நடக்கிற நாட்களில் அவர் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை, பூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சன்னாசி கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அறுபத்திரண்டு பெரிய எலிகள். முதலில் கீச்சொலி, பிறகு கம்பியைக் கடிக்கிற ஒலி, பிறகு அதுவும் இல்லை. பதினோரு முறை போன் அடித்தார். கல்யாண மேளத்தில் யாருக்குக் கேட்கும். அப்போது ஏன் கதவை உடைக்கவில்லை என்பதுதான் அவரைப் பன்னிரண்டு வருடமாக விடாமல் பிடித்திருக்கிறது, தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி, சோற்றுருண்டை விழுங்கினாலும் போகாது. கையில் இரும்புக் கம்பி இருந்தது. ஒரு நெம்பு போதும். ஆனால் கல்லூரிச் சொத்து, உடைத்தால் யார் பதில் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை, காவலாளியும் இல்லை, நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்டால்? மூன்றாம் வகுப்புப் படித்தவன் கையில் கம்பியோடு பூட்டு உடைந்த கதவு முன்னால் நின்றால் உலகம் முதலில் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திங்கட்கிழமை காலை பெரிய சார் வந்து திறந்தார். நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்றாம் நாள் தட்டச்சு அடித்த ஒரு தாளை நீட்டினார், இங்கிலீஷ். மின்சாரம் போனதால் எலிகள் செத்தன, அவ்வளவுதான் சன்னாசி, கமிட்டிக்குக் காட்டணும், ஒரு கையெழுத்துப் போடு. போட்டார். தமிழில், ச-வுக்குச் சுழி வைத்து, ஒழுங்காகப் போட்டார். அடுத்த வருடம் தலைமைப் பராமரிப்பாளர் வேலை அவருக்கு வராமல் அவரிடம் தொழில் கற்றவனுக்குப் போனபோது, ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் இரக்கப்பட்டுக் கோப்பை எடுத்து அந்தத் தாளைப் படித்து அர்த்தம் சொன்னார். சாவி என்னிடம் இருந்தது. நான் குடித்துவிட்டு உறங்கிவிட்டேன். தவறுக்கு வருந்துகிறேன். வாழ்நாளில் கள்ளுக்கடை வாசலை மிதிக்காத மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் கசிந்தது. கேன்டீன் தங்கவேலு டம்ளரை வைத்துக்கொண்டே, ஏனுங் சன்னாசியண்ணா, எலிகளுக்கும் ஆளுக்கொரு கட்டிங் ஊத்திவிட்டுட்டீங்களாமா என்று கேட்டான். அது வீடு வரைக்கும் போனது. மனைவி ராசம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். குடிச்சியா? இல்லை என்றார். அவள் சரி என்று சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு வருடம் கழித்துச் செத்தாள். அந்த இரண்டு வருடமும் அவர் படுத்த பிறகு அவள் குனிந்து அவர் மூச்சை மோந்து பார்ப்பது அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். மோந்து பார்க்கட்டும் என்று மூச்சை நன்றாக விடுவார்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஜெசிந்தாவின் கட்டைவிரல் தயாரானது. எலி கிடந்தால் ஒரு அமுக்கு, அசைந்தால் இன்னொரு அமுக்கு. எழுதுகிற தாளைப் பார்க்காமலே அந்த டிக் டிக்கை வைத்துச் சன்னாசி எண்ணிவிடுவார். முதல் கூண்டுக்கு ஒரு டிக் விழுந்தால் அடுத்த டிக் வர வெகுநேரம் ஆனது. மூன்றாம் கூண்டில் முதலாவது எலி நீந்தியபோது அவர் பொருட்படுத்தவில்லை, ஒன்றிரண்டு அப்படித்தான் முரண்டு பிடிக்கும். இரண்டாவதும் நீந்தியது. மூன்றாவது இரண்டு தடவை முக்குளித்து அடியைத் தொட்டுவிட்டு வந்தது. நான்காம் கூண்டில் அதைவிட மோசம். தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு மருந்து உள்ளே போகாத எலிகள். இதோ இந்தப் பொட்டில்லாதவன், டிக், உடனே டிக், ஒரு மூச்சு நேரம் கிடந்தான், மறுபடியும் கிளம்பிவிட்டான், சுவரைப் பிறாண்டவில்லை, பதறவில்லை, கோயில் குளத்தில் குளிக்க வந்தவன் மாதிரி நிதானமாகச் சுற்றுகிறான். எப்படி? புட்டியில் மிச்சம் ஒட்டியிருந்ததா? மூன்று தடவை அலசினார். உமியில் ஏதாவது, தீனியில் ஏதாவது? நாலு கூண்டுக்கும் ஒரே மூட்டை உமி, ஒரே தீனி. அவர் வீட்டுக்குப் போன பிறகு யாராவது வந்து கொடுத்தார்களா, பெரிய சாருக்குத் தெரிந்துபோய்விட்டதா? அந்தப் பயம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. இல்லை, சாவி இப்போது அவர் இடுப்பில். எலி அவர் நின்ற பக்கமாக வந்தபோது தலையைத் தூக்கியது. தண்ணீரில் கிடக்கிற எலி ஆளைப் பார்ப்பதில்லை. இது பார்த்தது. அவர் கை இருக்கிற பக்கத்தைப் பார்த்து, கை வராததால் இன்னொரு சுற்றுப் போய், மறுபடியும் அந்த இடத்துக்கே வந்தது.

அப்போதுதான் கை என்று தோன்றியது. வலது கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து யாருடையதோ போலப் பார்த்தார். பதினாலு நாளும் முதல் இரண்டு கூண்டு எலிகளுக்கு ஊசியை இறக்கினார், கூண்டில் போட்டார், வேலை முடிந்தது. மூன்றாவதும் நான்காவதும் வேறு. அவை அவருடைய ஆட்கள், அவருடைய சாட்சிகள். ஒவ்வொன்றையும் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, நெஞ்சோடு அணைத்து, கட்டைவிரலால் நெற்றியை நீவிக்கொண்டு, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஈரோட்டுக் கல்யாணத்தைச் சொன்னார். பதினோரு போனைச் சொன்னார். ராசம்மா மூச்சை மோந்ததை, வேறு ஒரு உயிரிடமும் சொல்லாததை, காது மட்டும் ஆடுகிற அந்தச் சின்ன உயிரிடம் சொன்னார். நீ எனக்காக மிதந்து கிடக்கணும், தெரிஞ்சுதா, அந்த ஆள் மூஞ்சி தொங்கணும் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் தண்ணீரை ஊசியில் எடுத்தார். ஆளுக்கு நாலு நிமிடம் ஆகும். முதல்நாள் கையில் மூத்திரம் விட்டு நடுங்கியவை. நான்காம் நாள் நடுக்கம் நின்றது. பத்தாம் நாள் அவர் குரல் கேட்டதும் கூண்டுக் கம்பிக்கு வந்து நின்றன. அது அவருக்குப் பெருமையாக இருந்தது, படை தயாராகிவிட்டது என்று நினைத்தார். எந்த முட்டாள், எந்தப் படிக்காத முட்டாள் இதை யோசிக்காமல் இருப்பான். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் அவர் முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதானே: தொட்டால் எல்லாத்தையும் ஒரே மாதிரி தொடு, இல்லாட்டி எதையும் தொடாதே, ஒரு எலிக்குக் கைச்சூடு கூடப் போச்சுன்னா பயம் விட்டுப்போகும், கணக்கு கோணிப்போகும். பயம் விட்டுப்போன எலி தண்ணீரில் தளராது. சொல்லிக்கொடுத்த வாய் இது. மனசில் இருந்த விஷத்தையெல்லாம் பதினாலு நாள் அவற்றின் காதில் ஊற்றினார், அதைக் குடித்துவிட்டு அவை தெம்பாகிவிட்டன. பெரிய சாரின் மருந்தைத் தொட்டியில் கொட்டி, பெரிய சாருக்கு வேண்டிய முடிவைத் தன் கையால் தடவித் தடவி உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். டிக். டிக். சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு நெஞ்சில் முட்டி இருமலாக வெளியே வந்தது.

என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா என்று கண்ணை எடுக்காமலே கேட்டாள் ஜெசிந்தா. வேண்டாம் என்றார். இன்னும் ஒன்றரை நிமிடம். விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் ஊர்ந்து வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காதே. போகட்டும், ஐதராபாத்துக்குப் போகட்டும், மாலை போட்டுக்கொள்ளட்டும். இது பொய் என்று உலகத்தில் உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நாளைக்கு வேறு ஊரில் வேறு யாரோ இதே மருந்தை நேர்மையாகக் கொடுத்துப் பார்ப்பார்கள், ஒருவேளை ஒன்றுமே வராது. என்ன இது என்று எழுதிக் கேட்பார்கள். அந்த ஆள் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கடிதம் போகும். பன்னிரண்டு வருடம் காத்தாயே, இன்னும் இரண்டு வருடம் காக்க மாட்டாயா. வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி அந்த நினைப்பு இனித்தது. ஆறு நிமிடம் என்றாள் ஜெசிந்தா. அவர் கையை இறக்கினார், எலி நீந்தி வந்து ஏறிக்கொண்டது. துண்டில் சுற்றித் துவட்டத் துவட்ட அதன் நெஞ்சு அவர் உள்ளங்கையில் சீராக அடித்தது. ஜெசிந்தா தாளில் குனிந்து ஒவ்வொரு கூண்டாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. கூட்டி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தார். சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

குலசேகரன் எப்போதும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எலிக்கூடத்துக்குள் வருவார், அதில் ஒரு பக்தி. தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதல் கூண்டுக்குச் சராசரி நூற்று அறுபத்து மூன்று நொடி கிடப்பு, நான்காவதுக்கு எழுபத்தொன்று. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. முப்பத்து நாலு வருட வாத்தியார் வேலையில் இப்படி ஒரு சுத்தமான முடிவைப் பார்த்ததில்லை என்றார், ஜெசிந்தாவின் தலையில் கை வைத்தார், அவள் அப்பாவுக்கு உடனே போன் போடச் சொன்னார். பிறகு சன்னாசி பக்கம் திரும்பி, உன்னை மாதிரி மருந்து குடுக்கிற கை இந்த ஜில்லாவிலேயே கிடையாதப்பா என்றார். மனசு நிறைந்தவர்களுக்கு வருகிற பேச்சு அவருக்கும் வந்தது. பழையதைப் பேச ஆரம்பித்தார். இதே ரூமில் ஒருதரம் எல்லா எலியும் செத்துப்போச்சே, ஞாபகமிருக்கா சன்னாசி, கரண்ட் போயி, அன்னைக்கு நான் ஆராய்ச்சியே வேண்டாம்னு விட்டுறலாம்னு இருந்தேன், நீ அப்போ ஏதோ லீவுல ஊருக்குப் போயிருந்தேன்னு நெனைக்கிறேன் என்றார். சன்னாசி அவர் முகத்தைத் தேடினார். கள்ளம் எங்காவது ஒரு மூலையில் இருக்கும் என்று கண்ணிலும் வாயோரத்திலும் தேடினார். இல்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஒரு வீட்டை இடித்துவிட்டுப் போனவன், இங்கே ஒரு வீடு இருந்ததா என்று கேட்கிறான். பன்னிரண்டு வருடமாக இரண்டு பேர் இழுக்கிற கயிறு என்று நினைத்துக்கொண்டு அவர் தனியாக இழுத்திருக்கிறார், மறுமுனை மண்ணில் கிடந்திருக்கிறது. துண்டுக்குள் எலி புரண்டது. அவர் கேட்டது அவருக்கே எதிர்பாராததாக இருந்தது. இது அச்சில் வரும்போது யார் பேரு சார் மொதல்ல வரும்? குலசேகரன் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஜெசிந்தா பேருதான் மொதல்ல, உழைச்ச புள்ள, நான் கடைசியில ஒரு ஓரமா. நாளைக்கு யாராவது சரியில்லைன்னு கேட்டா? அதுக்கென்ன, செஞ்சது அவ, கேட்டா அவதானே பதில் சொல்லணும் என்று ஜெசிந்தாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளும் சிரித்தாள்.

சன்னாசிக்கு வாயில் இருந்த வெல்லம் கரைந்து கசந்தது. அந்தக் கடிதம் ஒருநாள் வரும். வரும்போது இந்த ஆள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருப்பார், கொஞ்சம்கூடச் சிந்தாமல் விட்டுக்கொண்டிருப்பார். ஒரு தாள் தட்டச்சு ஆகும். ஒரு சின்னக் கையெழுத்து அம்மா, கமிட்டிக்குக் காட்டணும். இவள் இங்கிலீஷ் தெரிந்தவள், படித்துப் பார்த்துவிட்டே போடுவாள், வாத்தியார் சொல்கிறாரே என்று போடுவாள். பிறகு ஒருநாள் அதையும் இவர் மறந்துவிடுவார், நீ அப்போ ஊருக்குப் போயிருந்தியோ என்று கேட்பார். இல்லை. இந்த ஆள் ஒளிந்துகொள்ள இன்னொரு முதுகை நானே செய்து கொடுக்க மாட்டேன். இரக்கத்தில் இல்லை, வெறுப்பில்தான் அவர் வாயைத் திறந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தார்.

"அந்த மருந்தை நான் குடுக்கவே இல்லைங்க சார். தினம் தொட்டியில ஊத்திட்டுத் தண்ணியத்தான் குடுத்தேன்."

குலசேகரன் விளையாடாதே என்றார். சன்னாசி விளையாடவில்லை. எந்தத் தொட்டி, எந்தத் தண்ணீர், எட்டு மணிக்கு என்ன, எட்டே முக்காலுக்கு என்ன, கையில் வைத்துத் தடவியது எவ்வளவு நேரம், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஏன் என்று கேட்டபோது அந்த இங்கிலீஷ் தாளைச் சொன்னார். சாவியைச் சொன்னார், ஈரோட்டைச் சொன்னார். ராசம்மாவைச் சொல்லவில்லை, அந்தப் பெயரை இந்த ஆள் காதில் போட அவருக்கு மனம் வரவில்லை. சொல்லச் சொல்ல அந்த முகத்தில் அது வந்தது, எதைப் பார்க்கப் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தாரோ அது. கண்ணுக்குக் கீழே சதை ஒன்று துடித்தது, வாய் கொஞ்சம் திறந்து நின்றது, கை மூக்குக்கண்ணாடியைத் தேடி நெற்றியில் இருப்பதை மறந்து சட்டைப்பையைத் தடவியது. ஞாபகம் வந்துவிட்டது. பயம் வந்துவிட்டது. பார், நன்றாகப் பார் என்று சன்னாசி தனக்குச் சொல்லிக்கொண்டார். பார்த்தார். ஒரு டிக்குக்கும் இன்னொரு டிக்குக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் அது நின்றது. குலசேகரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது பழைய முகம் வந்திருந்தது.

"உனக்கு வயசாச்சு சன்னாசி. மருந்து குடுக்காம எலி இப்படி நீந்துமா? நீ குடுத்திருக்க. மறந்துட்ட."

அப்புறம் ஜெசிந்தாவிடம் மிக மெதுவாக, தகப்பன் பேசுகிற குரலில், நீ பாத்துட்டுத்தானம்மா இருந்த, இவர் ஊசி போட்டதைப் பாத்தியில்ல என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும். வாயால்கூடச் சொல்ல வேண்டாம். மூன்று வருடமும் ஐதராபாத்தும் தூத்துக்குடியில் போனுக்காகக் காத்திருக்கிற அப்பாவும் அந்த ஒரு தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தன. சன்னாசி அவளைப் பார்க்காமல் துண்டைப் பார்த்தார். விளக்கடியில் ஒரு எலி தும்மியது.

"ஊசி போட்டாங்க சார், நான் அடுத்த ரூம்ல இருந்தேன். ஊசிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கல. பாத்திருக்கணும்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாம் கூண்டு வரிசையிலும் நான்காம் கூண்டு வரிசையிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். அளவுகோல் வைத்துப் போட்டாள். அவசரப்பட வேண்டாம், நாளைக்கு உட்கார்ந்து பேசலாம் என்று குலசேகரன் இரண்டு தரம் சொன்னார். பிறகு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார், இடது வலது மாறிப்போய்க் கழற்றி மறுபடியும் மாட்டுகிற சத்தம் கேட்டது. முடிந்தது. மாலை விழாது. நினைத்தது நடந்துவிட்டது. சன்னாசி அந்தத் திருப்தி நெஞ்சில் எங்கே இறங்குகிறது என்று காத்திருந்தார். பசி போன பிறகு வந்த சோறு மாதிரி அது எங்கேயோ வெளியிலேயே நின்றது. ஜெசிந்தா பேனாவை மூடினாள்.

"எத்தன நாளு?"

"பதினாலு நாளும்."

"கொட்டும்போது என்னை நெனச்சீங்களா?"

நினைத்தேன் என்றால் பொய், இல்லை என்றால் அது அதைவிட மோசம். அவள் அழவில்லை, கத்தவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், கண் இமைக்காமல், ஒவ்வொரு சுருக்கமாக மனப்பாடம் செய்கிறவள் மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். சவரம் செய்கிற கண்ணாடியில் தினம் காலையில் அதைப் பார்க்கிறார். அது ஒரு வாரத்தில் போகிற பார்வை இல்லை. அது தின்னும், தூங்கும், வயசாகும், கூடவே வரும். இந்தப் பிள்ளைக்கு இருபத்தேழு வயது. அவருக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்னைத் திட்டிவிடு அம்மிணி, இப்போதே, இங்கேயே திட்டித் தீர்த்துவிடு என்று சொல்ல நாக்கு எழுந்தது. துண்டுக்குள் எலி இன்னும் ஈரமாக இருந்தது. அவர் மறுபடியும் துவட்டத் தொடங்கினார். அவள் முக்காலியிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்று கையை நீட்டினாள்.

"குடுங்க."

"உங்களுக்குப் பழக்கமில்லை. கடிச்சிரும்."

"கடிக்கட்டும்" என்று சொல்லித் துண்டோடு அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.